டீச்சரம்மாவுக்கு வெளுப்புக்காரன் சொன்ன புத்தி

வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. என்னடா இது, தாத்தன் வாங்க போங்கன்னு பேசுறானேன்னு முழிக்காத. மட்டாஞ்சேரியில ஒருத்தருக்கு நியமன ஆர்டர் வந்தா முதல்ல மாறுறது அவங்க நடை, அப்புறம் மாறுறது ஊர் கூப்பிடுற பேரு. நேத்து வரைக்கும் உன்னை "ஏ புள்ள"ன்னு கூப்பிட்ட மீன்காரன் இன்னைக்கு "டீச்சரே, நல்ல கரிமீன் இருக்கு"ங்கிறான். விலையும் டீச்சர் விலைதான் சொல்றான். நான் மட்டும் மரியாதை கெட்டவனா இருக்கலாமா? கொஞ்ச நேரம் பேசிட்டு அப்புறம் நீ, வா, போன்னு இறங்கிக்கறேன்.

உங்கம்மா சொன்னா, உனக்கு என்னமோ புரொஃபஷனல் குரோத்து வேணுமாமே. யூனியன்காரரைக் கேட்டியாம், ட்ரெயினரைக் கேட்டியாம், யூட்யூபைக் கேட்டியாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வேலி டோபிகானாவுல கல்லுமேல துணி அடிச்சே கிழவனானவனுக்கு வாத்தியார் வேலையைப் பத்தி என்ன தெரியும்னு விட்டுட்ட. தப்பு கண்ணு. ஏஇஓ ஆபீசு ஃபைல்ல இல்லாத சங்கதியெல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கொச்சி டீச்சருங்களோட சேலை அம்பது வருஷமா எங்கிட்டத்தானே வந்துச்சு. தலைப்பு ஓரத்துல நான் போட்ட குறியைப் பாத்தாலே எந்த வீடு, எந்த ஸ்கூல், எந்த கிளாஸ்னு சொல்லிடுவேன்.

வலது கைப்பக்கம் சாக்குத்தூள் இருந்தா போர்டுல எழுதுறவங்க. சட்டைப் பையில செவப்பு மை எல்லா வாரமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா தினம் நோட்டுத் திருத்துற மாஷ், அதான் வாத்தியாரு. மாசக்கடைசியில மட்டும் பையே செவந்து வந்தா, ஹெச்எம் நோட்டு பாக்க வர்றாருன்னு அர்த்தம். ஜூன் மாசத்துல முழங்கால் வரைக்கும் சேறு இருந்தா, மழையில வீடுவீடாப் போய் புள்ள புடிக்கிறாங்கன்னு அர்த்தம். கொசுவத்துல, ஆறு வயசுப் புள்ள உசரத்துல, மூக்குச்சளி காஞ்சு ஒட்டியிருந்தா அது ஒண்ணாங்கிளாஸ் டீச்சரு. அதுவும் நல்ல டீச்சரு. பயந்த புள்ள டீச்சர் சேலையில மூக்குத் தொடைக்குமா? அந்தச் சேலையை நான் ஒரு நாளும் மொகம் சுளிச்சுத் தொட்டதில்ல. முன்பக்கம் போட்ட இஸ்திரி கலையாம, பின்பக்கம் மட்டும் நாற்காலி அச்சோட கசங்கி வர்ற சேலையும் பாத்திருக்கேன். விருது கெடச்சது அந்தம்மாவுக்குத்தான்.

சிரிக்காத, விருதைப் பத்தித்தான் முதல்ல சொல்லணும். வளரணும்னா விருது வேணும். செப்டம்பர் 5ஆம் தேதி டெல்லியில ராஷ்டிரபதி கையால குடுக்கிற நேஷனல் அவார்டு இருக்கே, வெள்ளி மெடலு, 50,000 ரூவா, ஒரு சர்ட்டிபிகேட்டு. முந்தியெல்லாம் யாரோ ஒருத்தர் நம்ம பேரை எழுதி அனுப்பணும். 2018ல இருந்து அந்தக் கவலை இல்ல, "நான் ரொம்ப நல்ல டீச்சர்"னு நீயே ஆன்லைன்ல மனுப் போட்டுக்கலாம். நல்ல சீர்திருத்தந்தான், மேலிடத்துச் சிபாரிசு இல்லாதவங்களுக்கும் வழி தொறந்துச்சு. ஆனா அதுக்குச் சாட்சி வேணுமில்ல? போட்டோ எடுத்து வெச்சுக்க. ஜூன் 5ஆம் தேதி பரிஸ்திதி தினம், அதான் சுற்றுச்சூழல் நாளு வரும், மரம் நடு, போட்டோ எடு. அடுத்த வருஷமும் அதே குழியில நடு. குழி தோண்டுற கூலி மிச்சம். புள்ளைக மொகம் போட்டோவுல தெரியணும்னு இல்ல, பேனர் தெரிஞ்சா போதும்.

அடுத்தது டிரஸ்ஸு. பிரைவேட் ஸ்கூல்ல சேலைக்கு மேல ஒரு கோட்டுப் போடச் சொல்றாங்க பாத்தியா, இந்தக் கொச்சிப் புழுக்கத்துல? எனக்கு அதுல ஆதாயம்தான், உருப்படிக்கு ஒண்ணு கூடுது. 2021 நவம்பர்ல உயர்கல்வித் துறை, டீச்சருங்களைச் சேலைதான் கட்டணும்னு யாரும் வற்புறுத்தக் கூடாதுன்னு சொல்லிச்சு. அப்ப மந்திரியா இருந்த பிந்து டீச்சரும் காலேஜ்ல பாடம் எடுத்தவங்க. அதுக்கப்புறமும் பல இடத்துல கஞ்சி போட்ட சேலையிலதான் டீச்சருக்கு மதிப்பு இருக்குதுன்னு நெனைக்கிறாங்க. கஞ்சி போடறவன் சொல்றேன் கேளு: மொடமொடன்னு இருக்கிற சேலையில கீழ உக்காந்து புள்ளை கையைப் புடிச்சு எழுத வைக்க முடியாது. சுடிதார் போட்டுட்டுப் போ. பாட்டி ஏதாவது சொன்னா நான் பாத்துக்கறேன்.

சரி, இப்ப பெரிய வளர்ச்சிக்கு வருவோம். சர்ட்டிபிகேட்டு. 2020 கல்விக் கொள்கையில ஒவ்வொரு வாத்தியாரும் வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சி எடுக்கணும்னு எழுதியிருக்காமே. நல்லது. அதுக்கு முன்னாடியே 2019ல நிஷ்டான்னு ஒண்ணு தொடங்கி, நாடு முழுக்க 42 லட்சம் பேருக்குப் பயிற்சின்னாங்க. கொரோனா வந்ததும் அதை திக்‌ஷா ஆப்புல ஏத்துனாங்க. அங்கதான் எங்க தெருவுல விசேஷமே நடந்துச்சு. ஒரு வீட்டுல அடுப்புல புட்டுக்குடம், மேடையில செவரோரம் சாத்தி வெச்ச போனு, போனுல ஒரு பேராசிரியர் ஆசிரியரின் கடமைகளைப் பத்திச் சத்தமில்லாம வாயசைக்கிறாரு. புட்டு வேகறதுக்கும் மாட்யூல் முடியறதுக்கும் சரியா இருக்கும். கடைசியில கேள்வி வரும். விடை வாட்சப்புல அதுக்கு முன்னாடியே வந்திருக்கும். டீச்சருக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு, வீட்டுக்காரருக்குப் புட்டு, சர்க்காருக்குக் கணக்கு. யாருக்கும் நஷ்டமில்ல.

அந்த மாட்யூல்ல நல்லதே இல்லன்னு நான் சொல்ல வரல. நீ ஒரு நாள் சத்தம் வெச்சுக் கேட்டப்ப நானும் இங்க இருந்து கேட்டேன், புள்ள தப்பாச் சொன்னா உடனே திருத்தாம ஏன் அப்படிச் சொன்னான்னு கேளுன்னு ஒருத்தர் சொன்னாரு. லட்ச ரூவா பெறும் பேச்சு. ஆனா மறுநாள் கிளாசுல அதைச் செஞ்சு பாத்தியான்னு ஒரு ஆளு உன்னை வந்து கேட்டாங்களா? அம்பது மணி நேரத்தை எண்ணுறதுக்கு ஆளிருக்கு, அம்பத்தொண்ணாவது மணி நேரம் என்ன நடந்துச்சுன்னு பாக்க ஆளில்ல.

கிளஸ்டர் இருக்கேங்கற. இருக்கு. ஒரே பாடம் எடுக்கிற பத்து ஸ்கூல் வாத்தியாருங்க ஒரே ரூம்புல கூடுற ஏற்பாடு, அதைவிட நல்லது வேற என்ன வேணும்? அங்க போய் என்ன பேசறீங்க? டிஏ அரியர். அதைப் பேச வேண்டாங்கல, வயித்துப்பாடு. மதியம் பிரியாணி வர்ற வரைக்கும் டிஏ, பிரியாணி வந்தப்புறம் ட்ரான்ஸ்பர். ட்ரெயினர் பாவம், அவரும் நேத்து வரைக்கும் பெஞ்சுல உக்காந்து டிஏ பேசின மாஷ்தான்.

2024 மே மாசத்துல சர்க்காரோட கைட்டுங்கிற அமைப்பு ஏஐ பயிற்சின்னு ஆரம்பிச்சு, 80,000 டீச்சருக்கு, ஆளுக்கு மூணு நாளுன்னாங்க. உங்க ஹெச்எம் ரொம்பக் கலங்கிப் போனாராமே. கலங்க என்ன இருக்கு? எந்திரம் டீச்சிங் மேனுவல் எழுதிக் குடுக்குதாம், குடுக்கட்டும். எப்படியும் போன வருஷத்து மேனுவலைத் தேதி மாத்தித்தானே எழுதிட்டிருந்தீங்க? நீ ஒரு எந்திரத்தை விட்டு எழுதச் சொல்லு, ஹெச்எம் இன்னொரு எந்திரத்தை விட்டுப் படிச்சுக் கையெழுத்துப் போடச் சொல்லட்டும். நீங்க ரெண்டு பேரும் அந்த நேரத்துல கிளாசுக்குப் போங்க.

பாத்தியா, கிண்டல் பண்ணிக்கிட்டே போறேன். உன் மொகம் சுருங்குது. இனிமே கொஞ்சம் நேரே பேசறேன், காது குடு.

எங்கப்பன் காலத்துல இந்தப் பக்கத்து வாத்தியாரு ஒருத்தர் வெளுப்புக்கூலி எப்பவும் பாக்கி வெப்பாரு. வேட்டி ரெண்டுதான் இருக்கும், ஆனா வெள்ளையா இருக்கணும், வாத்தியாராச்சே. எங்கப்பன் போய்க் கேட்டா அந்த மனுசன் தலை குனிஞ்சுக்குவாராம். ஸ்கூல் மேனேஜர் காட்டுற தாள்ல ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போடணும், கையில வர்றது வேற தொகை. அப்ப கேரளம் முழுக்க பிரைவேட் ஸ்கூல்ல அதுதான் வழக்கம். எதிர்த்துக் கேட்டா மறுநாள் வேலை இல்ல. எங்கப்பனுக்குப் பரிதாபம். "வெளுக்கிறவன்கிட்ட முழுக்கூலிக்குக் கையெழுத்து வாங்கிட்டு யாரும் பாதியைக் குடுக்கறதில்ல, இவரைவிட நாம மேல"ன்னு சொல்லிட்டு வந்துடுவாரு.

அதே காலத்துலதான் இந்த மட்டாஞ்சேரி துறைமுகத்துல சாப்பா இருந்துச்சு. காலையில கூலிக்கு ஆளுங்க கூட்டமா நிப்பாங்க. கங்காணி உலோக வில்லையைக் கூட்டத்துக்குள்ள எறிவான். அடிச்சுப் புடிச்சு அதைக் கைப்பத்துனவனுக்கு அன்னைக்கு வேலை, மத்தவனுக்குப் பட்டினி. 1953 செப்டம்பர் 15ஆம் தேதி அதை எதிர்த்து நின்னவங்க மேல போலீசு சுட்டுச்சு, செய்து, செய்தலவின்னு ரெண்டு தொழிலாளிங்க செத்தாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு. கதவைச் சாத்திட்டு எங்கம்மா என்னை மடியில அமுக்கிப் புடிச்சிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு.

நாலு வருஷம் கழிச்சு 1957ல இஎம்எஸ் மந்திரிசபை வந்துச்சு. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி. காலேஜ்ல மலையாளம் சொல்லிக் குடுத்தவரு, பெரிய விமர்சகரு. அவரு ஒரு மசோதா கொண்டாந்தாரு. எய்டட் ஸ்கூல் வாத்தியாருக்குச் சம்பளத்தைச் சர்க்கார் நேரா அவங்க கையில குடுக்கும், வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கிறதும் சர்க்கார் லிஸ்டுல இருந்துதான்னு. மேனேஜருங்க விடுவாங்களா? மசோதா டெல்லிக்குப் போச்சு, ராஷ்டிரபதி சுப்ரீம் கோர்ட்டைக் கேட்டாரு, 1958ல கோர்ட்டு கருத்து சொல்லிச்சு, திருத்தி மறுபடியும் நிறைவேத்துனாங்க. அப்புறம் மந்திரிசபையை எதிர்த்து விமோசன சமரம், தெருவெல்லாம் ஊர்வலம். 1959 ஜூலை 31ஆம் தேதி டெல்லி மந்திரிசபையைக் கலைச்சுச்சு. மந்திரி போனாரு, வாத்தியாருக்குச் சம்பளம் நேரா வர்றது மட்டும் நிலைச்சுப்போச்சு. நியமனம் மேனேஜர் கையிலயே தங்கிடுச்சு. எய்டட் ஸ்கூல்ல உள்ள நுழைய யாரு யாருக்கு எவ்வளவு எண்ணி வெச்சாங்கங்கிறது மட்டும் எந்தச் சேலையிலயும் எனக்குத் தெரியல. அந்தக் கறை துணியில புடிக்காது. முண்டசேரியை அப்புறம் மறந்துட்டாங்கன்னு நெனைக்காத, 1971ல கொச்சின் யுனிவர்சிட்டி தொடங்கினப்ப முதல் வைஸ்சான்சலரா வந்தது அவருதான்.

ஏன் இவ்வளவு பழங்கதைன்னா, நீ தொழில் வளர்ச்சின்னு பேசறப்ப அடியில ஒரு கல்லு இருக்கணும். தலை குனிய வேண்டாத சம்பளந்தான் அந்தக் கல்லு. அது உனக்கு வந்தது உன் சாமர்த்தியத்துல இல்ல. நீயே தினவேதனத்துக்கு இன்டர்வியூன்னு ஜூன் மாசத்துல ஒவ்வொரு ஸ்கூல் வாசலா ஃபைலைக் கட்டிப் புடிச்சு நின்னவதான? மார்ச்சு வந்தா வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க. உங்கூட நின்ன புள்ளைக இந்த ஜூன்லயும் நிப்பாங்க. பத்து மாசத்துல கணக்குத் தீர்ற ஆளுகிட்ட அம்பது மணி நேரம் வளரு, நூறு மணி நேரம் வளருன்னா எங்க வளர்றது? யூனியன்ல சேந்துட்டேன்னு சொன்னியே, அங்க போய் டிஏ பேசறப்ப அவங்களையும் பேசு.

அடுத்தது பரீச்சை. வாத்தியார் தகுதிக்கு வெக்கிற கேடெட்டு எழுதி நீ பாஸாயிட்ட, 150 கேள்வி, ரெண்டரை மணி நேரம், உங்கம்மா தெருவெல்லாம் லட்டு குடுத்தா. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு: ஏற்கெனவே வேலையில இருக்கிறவங்களும் டெட்டு பாஸாகணும், ரிட்டையராக அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதிப் பாஸாகணும், அஞ்சு வருஷத்துக்குக் கீழ இருக்கிறவங்க அப்படியே போகலாம், ஆனா ப்ரமோஷன் கேக்கக் கூடாது. சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு இது உண்டா இல்லையாங்கிறதைப் பெரிய பெஞ்சு பாக்கட்டும்னு விட்டுட்டாங்க. நம்மூர்ல 56ல ரிட்டையரு. அப்ப 48 வயசு டீச்சர் ஒருத்தங்க, கால் நூற்றாண்டு ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவங்க, தங்கிட்ட அ ஆ படிச்ச புள்ள பக்கத்துப் பெஞ்சுல இருக்க, பரீச்சை ஹால்ல பேனாவைக் கடிச்சுட்டு உக்காரணும். எங்க டோபிகானாவுல இப்படி வெச்சா நான் ஃபெயிலு. சோடாவுக்கும் சவக்காரத்துக்கும் ரசாயனப் பேரு கேட்டா நான் எங்க போக?

ஆனா கண்ணு, அதுக்காகப் பரீச்சையே கூடாதுன்னு நான் உங்க சங்கத்தாளுங்க மாதிரி கொடி புடிக்க மாட்டேன். புள்ளையைப் பெத்தவங்க நம்பி விடுறாங்க. விஷயம் தெரிஞ்ச ஆளா இருக்கணும்னு கேக்கறது தப்பில்ல. பின்னங்கணக்கு தப்பாச் சொல்லிக் குடுத்த மாஷ் ஒருத்தரையும் எனக்குத் தெரியும், அவர்கிட்டப் படிச்ச உங்க மாமன் இன்னைக்கும் இஸ்திரிக் கணக்குல முக்காலைக் காலா எழுதுறான். பரீச்சை வெச்சா அந்த மாஷைப் புடிச்சிருக்கலாம். ஆனா பரீச்சை ஹால்ல இருக்கிறது நீயும் தாளும். புள்ள அங்க இல்ல. உனக்குத் தெரிஞ்சது புள்ளைக்குப் போய்ச் சேந்துச்சாங்கிறதுக்கு அந்த 150ல ஒரு கேள்விகூடக் கிடையாது.

எங்க தொழிலைப் பாரு. எங்க ஆளுங்களைத் தமிழ் நாட்டுல இருந்து டச்சுக்காரன் இங்க கூட்டியாந்தான், பட்டாளத்து உடுப்பு வெளுக்க. அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். அவனும் போனான், நாங்க போகல. குளத்தங்கரையில அடிச்சிட்டிருந்தவங்களுக்கு 1976ல கொச்சி வளர்ச்சி ஆணையம் ஜிசிடிஏ டோபிகானா கட்டிக் குடுத்துச்சு, ஆளுக்கொரு தொட்டி, ஒரு கல்லு. நடுவுல இருக்கிறது இடுப்பளவு செவரு. நான் அடிக்கிறது பக்கத்துத் தொட்டிக்காரனுக்குத் தெரியும், அவன் நீலம் அதிகமாப் போட்டா எனக்குத் தெரியும். "டேய், அது பட்டு, அப்படி முறுக்காத"ன்னு ஒரு கொரல் வரும். கோவம் வரும், ஆனா துணி தப்பிக்கும். நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டது அந்தக் கொரல்லதான். உங்க வேலையில செவரு உத்தரம் வரைக்கும் போகுது, கதவும் இருக்கு. பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து ரூம்புல பாடம் எடுத்த ரெண்டு டீச்சருங்க, ஒருத்தர் பாடம் எடுக்கறதை இன்னொருத்தர் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. கேட்டா அது மரியாதையாம்.

கதவு ஒரே ஒரு தடவை தொறந்துச்சு. 2020 ஜூன் 1, ஸ்கூல் எல்லாம் அடைச்சுக் கெடக்கு, சர்க்காரோட விக்டர்ஸ் டிவியில ஃபர்ஸ்ட் பெல்னு பாடம் ஆரம்பிச்சாங்க. ஒண்ணாங்கிளாசுக்குக் கோழிக்கோட்டுப் பக்கத்து டீச்சர் ஒருத்தங்க வந்து மிட்டு, தங்குன்னு ரெண்டு பூனைக் கதையைக் கையை ஆட்டி, கண்ணை உருட்டிச் சொன்னாங்க. கேரளமே பாத்துச்சு. பாத்த உடனே என்ன செஞ்சுச்சு? கிண்டல் பண்ணுச்சு. வளந்த ஆம்பளைங்க போனுல அதை வெச்சு வீடியோ போட்டுக் கேலி பேசுனானுங்க, போலீசு கேசு வரைக்கும் போச்சு. ரெண்டு நாள்ல காத்து திரும்புச்சு. வீட்டுல இருந்த புள்ளைக எல்லாம் மிட்டு, மிட்டுன்னு கத்துறதைப் பாத்தப்புறம்தான் பெரியவங்களுக்கு வெளங்குச்சு, இது நமக்கு எடுத்த பாடமில்லன்னு. எங்க வீட்டுல சின்னவன் அந்தப் பூனைக்குச் சோறு வெக்கணும்னு டிவிக்கு முன்னாடி தட்டு வெச்சான். ஒண்ணாங்கிளாஸ் எடுக்கிறதுங்கறது இவ்வளவு பெரிய வேலையான்னு இந்த மாநிலம் அன்னைக்குத்தான் பாத்துச்சு. அதுக்கு முன்னாடி அந்த வேலையை ஊருக்குள்ள யாரும் வேலையாவே எண்ணல, "ஒண்ணாங்கிளாஸ்தானே"ம்பாங்க. ஹெச்எம்மும் அப்படித்தான், யாருக்குக் கைக்குழந்தை இருக்கோ, யாருக்கு முட்டிவலியோ, அவங்களை அங்க போடுவாரு.

ஒரு ஜப்பான்காரி டோபிகானா பாக்க வந்தா, கொரோனாவுக்கு முந்தி. கிளிப்பே இல்லாம முறுக்குன ரெண்டு கயித்துக்கு நடுவுல துணியைச் சொருகிக் காயப்போடறோமே, அதை ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னா. கைடு பையன் சொன்னான், அவ அங்க ஸ்கூல் டீச்சராம். நான் சும்மா இருப்பனா? உங்க ஊர்ல வாத்தியாரு எப்படி வளர்றாங்கன்னு கேட்டேன். அவ சொன்னதை அவன் பாதி முழுங்கி மீதி சொன்னான். நாலஞ்சு பேரு சேந்து ஒரு பாடத்தை யோசிச்சு எழுதுவாங்களாம். ஒருத்தரு கிளாஸ்ல எடுப்பாரு, மத்தவங்க பின்னால நிப்பாங்க. நிக்கறவங்க டீச்சரைப் பாக்க மாட்டாங்களாம், புள்ளைங்களைத்தான் பாப்பாங்களாம்: எவன் எங்க முழிச்சான், எவ எந்த இடத்துல பென்சிலைக் கீழ வெச்சா. அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசுவாங்க, பேசறது பாடத்தைப் பத்தி, டீச்சரைப் பத்தி இல்ல. நூறு வருஷத்துக்கு மேல நடக்குற பழக்கமாம். நான் கேட்டேன், அதுக்கு சர்ட்டிபிகேட்டு உண்டான்னு. கைடு பையன் அதை மொழிபெயர்க்கல, திருட்டுப்பய.

அதனால சொல்றேன், ஸ்கூல் தொறந்து ஒரு மாசம் போகட்டும், பக்கத்து கிளாஸ் டீச்சரைக் கூப்பிட்டு, "சேச்சி, ஒரு பீரியடு எங்கிட்ட வந்து பின்பெஞ்சுல உக்காருங்க, எந்தப் புள்ளைக்குப் புரியலன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேளு. ஊரே உன்னைப் பைத்தியம்னு சொல்லும். ஸ்டாஃப் ரூம்புல, "இவ பெரிய ஆளாக வந்திருக்கா"ன்னு ஒரு பேச்சு வரும். அந்தச் சேச்சி முதல் தடவை வரவும் மாட்டாங்க, டீச்சிங் நோட்டு எழுதணும்பாங்க. நீ முதல்ல அவங்க கிளாசுக்குப் போ. அவங்க கெட்டிக்காரத்தனத்தைப் பாத்துக் கத்துக்கணும்னு சொல்லிட்டுப் போ. பொய் சொல்லாத, உண்மையிலயே ஏதாவது இருக்கும். இல்லாம ஒருத்தங்க இருபது வருஷம் நாப்பது புள்ளைகளை மேய்க்க முடியாது. ரெண்டாவது வாரம் அவங்களே உன் வாசல்ல வந்து நிப்பாங்க, உன் கிளாஸ் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு அரிப்பு எடுத்துப்போய். மனுச சுபாவம் அதுதான், நான் அதை வெச்சுத்தான் கடன் வசூல் பண்றது.

இந்த ஊர்ல அது ரொம்பத் தேவையும்கூட. உன் கிளாஸ்ல கொங்கணி பேசுற புள்ள இருக்கும், கட்ச்சி பேசுற புள்ள இருக்கும், தமிழ் பேசுற நம்ம புள்ள இருக்கும், இப்ப அஸ்ஸாமி, பெங்காலி பேசுற புள்ளைகளும் வந்திருக்கு. பாடம் மலையாளத்துல. இந்த எர்ணாகுளம் ஜில்லாவுலயே பினானிபுரம் சர்க்கார் ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க இதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. புள்ளையோட மொழியில ஆரம்பிச்சு, அதுக்குள்ள மலையாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து, கடைசியில மலையாளத்துக்குக் கூட்டியாந்துடறது. 2017ல கலெக்டரு அதை எடுத்து ரோஷ்னின்னு திட்டமாக்குனாரு, இந்தி, பெங்காலி, ஒடியா தெரிஞ்ச ஆளுங்களைத் துணைக்குப் போட்டாங்க. எந்த மாட்யூலும் அதை அந்தம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கல. கிளாஸ்ல வாய் தொறக்காம உக்காந்திருந்த புள்ளைங்க சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் அதை வெச்சு மத்தவங்களுக்குப் பயிற்சி நடந்துச்சு. பயிற்சின்னா அப்படித்தான் நடக்கணும், கிளாஸ்ல பொறந்து ஆபீசுக்குப் போகணும். இங்க ஆபீசுல பொறந்து ஆப்புல வளந்து அடுப்பு மேடையில செத்துப்போகுது.

சரி, போதும், உனக்கு நேரமாச்சு. நாளைக்கு ஸ்கூல் தொறந்து ஆறாவது நாளு, தலையெண்ணல் இல்ல? ஹெச்எம் உன்னை எதுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டாருன்னு எனக்குத் தெரியும். எண்ணிக்கை கொறைஞ்சா ஒரு டிவிஷன் போகும், டிவிஷன் போனா கடைசியா வந்தவ போஸ்டுக்குத்தான் முதல்ல ஆபத்து, கடைசியா வந்தவ நீ. மூணு புள்ள கொறையுதாமே. மூணு பேரும் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். ரேஷன் கடைக்குப் பின்னால, மாடியில, பெங்காலிக் குடும்பம். அப்பனும் ஆத்தாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் வருவாங்க, அதுக்கு முன்னாடி போனா பெரிய புள்ள கதவு தொறக்காது, நல்லா வளத்திருக்காங்க. அவங்க துணியும் எங்கிட்டத்தான் வருது, ஏழு வயசுக்காரி சட்டை மட்டும் முட்டிக்கு மேல ஏறிப்போச்சு, யூனிஃபார்ம் இலவசம்னு முதல்ல அதைச் சொல்லு. உன் ஃபைலை இங்க வெச்சுட்டுப் போ. மழை வரும், குடை எடுத்துக்க. சேறு படாம மட்டும் வராத, அப்படி வந்தா நீ போகலன்னு நாளைக்கு எனக்குத் தெரிஞ்சிடும்.